குழாய் திறந்தவர்

யாருக்குக் கைகொடுத்தாலும் உடனே கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைப்பார். பதுளையில் எங்கள் சேவைக் கழகத்துக்குத் தலைவராக இருந்தவரை எனக்கு அப்படித்தான் ஞாபகம். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, கைக்குட்டையும் வெள்ளை.

எழுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்களுக்குக் குழாய் போட்டுக் கொடுத்தோம். அதாவது, குழாயை மட்டும் நட்டோம். ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பைப் இன்னும் வாங்கவே இல்லை. ஆனால் தலைவர் பத்திரிகைக்காரரைக் கூட்டி வந்துவிட்டார். ஆகவே லயத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு பீப்பாயை வைத்துக் குழாயோடு இணைத்தோம். கீழே பள்ளத்தில் ஓடைத் தண்ணீர் விழும் பீலியில் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து, மேடேறி வந்து அதை நிரப்பினார்கள். இளைஞர் பிரிவுக்காரர்களான நாங்களும் சுமந்தோம்.

தலைவர் நாடா வெட்டிக் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. கைதட்டல், படம், எல்லாம் முடிந்தது. பிறகு சவர்க்காரம் கேட்டு வாங்கி, அந்தத் தண்ணீரிலேயே முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அன்று தொழிலாளர்கள் பலருக்குக் கைகொடுத்திருந்தாரே!

தண்ணீர் சுமந்த அக்கா ஒருத்தி குடத்தை நீட்டினாள். குழாய் சொட்டி நின்றுவிட்டது.

"நாளைக்குத் தண்ணி வருமாங்கய்யா?"

"நீங்கதானேம்மா ஊத்துனீங்க? ஊத்துனா வரும்" என்றார், விரல்களைத் துடைத்தபடி.

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பீலிக்கு இறங்கினாள்.

அவ்வளவு துடைத்தும் அந்தக் கைக்குட்டையில் ஒரு கறைகூட இல்லை. அப்படி எதைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார் அந்த ஆள்?