தேவகனி டீச்சரின் எரிமலைப் பாடம்

எரிமலையைக் கண்ணால் பார்த்ததில்லை என்றாலும், அந்தப் பாடத்தை நடத்துவதில் தேவகனி டீச்சருக்கு ஒரு தனி ருசி இருந்தது. கருங்கல் ஊருக்கு மேற்கே, பனைவிளைகளுக்கு நடுவில் நின்ற மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு அவளுடையது. நாகர்கோவில் போர்டிங்கில் படித்து, டிரெயினிங் முடித்து, மகளுக்கு இன்று கல்யாணம் வரும், நாளை வரும் என்று காத்திருந்த அம்மையும் போய்ச் சேர்ந்த பிறகு, முப்பத்தெட்டு வயதில் அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்த வகுப்பறைதான்.

திருவனந்தபுரத்திலிருந்து வந்த புத்தகத்தில் ஒரு மலை, உச்சியில் கொஞ்சம் புகை. அதை வைத்து ஒன்றும் விளங்கவைக்க முடியாது. தேவகனி புத்தகத்தை மூடிவைத்தாள்.

"பிள்ளையளே, அம்மை அக்கானி காய்ச்சியத பாத்திருக்கியளா?"

வகுப்பே சிரித்தது. பனையிலிருந்து இறக்கும் பதநீர், அந்த அக்கானி, காயாத வீடு அங்கே ஏது?

"எங்க அம்மைக்குத் தேச்சியம் வந்தா அக்கானிக்கு முன்ன அவ பொங்கிருவா டீச்சரே" என்றான் குமாரதாஸ்.

"இரிலே, ஒனக்க அம்மைட்ட சொல்லுதேன். இந்த பூமிக்கடியில, ரொம்ப ஆழத்தில, பாறையே உருகிக் கெடக்கும். கருப்பட்டிக்குக் காய்ச்சும்போ குறுகிக் கொழகொழண்ணு வருமில்லியா, அதுமாதிரி. அதுக்குள்ள ஆவி அடைபட்டு நிக்கும். மேல ஒரு கீறல் கெடச்சா போதும், முட்டிக்கிட்டு வெளிய சாடும். வெளிய வந்து ஆறினா செரட்டையில ஊத்தின கருப்பட்டி மாதிரி கல்லாயிரும். அதுக்கு மேல இன்னும் பொங்கும், இன்னும் கல்லாவும். அப்பிடி அடுக்கடுக்கா ஏறித்தான் மலை."

பிள்ளைகளின் வாய் திறந்தபடி இருந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து ராஜபாய் கேட்டாள்.

"பொங்கி வரும்போ ஆமணக்கு முத்து பொடிச்சுப் போட்டா அடங்குமே. அங்க போட ஆளு உண்டா டீச்சரே?"

அக்கானி பொங்கி வழியப் பார்த்தால் எல்லா அம்மைமாரும் செய்கிற காரியம் அது. மறுபடி சிரிப்பு. தேவகனிக்கோ சந்தோஷம். ஆனி மாதம் அப்பன் செத்ததிலிருந்து அந்தப் பிள்ளை வகுப்பில் வாய் திறந்ததில்லை.

"கொள்ளாமே! நல்ல கேள்வி மக்கா. அங்க ஆரு போவ?"

"நரகமும் அங்கதான டீச்சரே?" என்றான் குமாரதாஸ். "கீழ தீ அணையாம எரியும்ணு ஞாயித்துக்கிழமை உபதேசியாரு சொன்னாவளே."

"அது வேற பாடம்லே. அத அவியட்ட கேளு."

மணி அடித்தது. நல்ல பாடம் நடத்திய திருப்தியோடு அவள் வீட்டுக்குப் போனாள்.

ராஜபாயின் அப்பன் யோவான் பனையேறி. அக்கானியை விட்டுக் கள் இறக்கப் போனதால் சபை அவனை விலக்கி வைத்திருந்தது. அப்படி விலக்கி வைத்திருந்த காலத்திலேயே பனையிலிருந்து விழுந்து செத்துப்போனான். கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. ஜெபமும் இல்லை. விளையில் அவன் விழுந்த பனையின் மூட்டிலேயே குழி வெட்டினார்கள்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் ராஜபாயின் அம்மை பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சரே, நீங்க பிள்ளைக்கு என்னத்தப் படிப்பிச்சிய? வீட்டில கெடந்த ஆமணக்கு முத்து பூராத்தையும் கொண்டுபோயி அப்பனுக்க குழிமாட்டில கம்பு வச்சுக் குத்தி உள்ள எறக்குகா. கேட்டா, அடங்கட்டும்ணு சொல்லுகா."

தேவகனி அப்படியே அவளோடு விளைக்குப் போனாள். ராஜபாய் குந்தியிருந்தாள். பொடித்ததும் பொடிக்காததுமாக மடி நிறைய முத்து.

"மக்கா, நான் சொன்னது எல்லாருக்க காலுக்கும் கீழதான் இருக்கு. எனக்க வீட்டுக்குக் கீழயும், நம்ம சபைக் கோயிலுக்குக் கீழயும். காசிக்கு நடந்து போவியத விட ஆழம் உண்டுமாக்கும்."

"கல்லறைத் தோட்டத்துக்குக் கீழயும் உண்டா?"

"உண்டு."

"அவியளுக்கு ஒண்ணும் ஆவாது. உபதேசியாரு ஜெபம் செய்துதான அடக்கினாவ." கம்பை மறுபடியும் குத்தினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா அங்க இல்லண்ணு சொல்லுங்க டீச்சரே."

எரிமலையைத் தேவகனி போர்டிங்கில் படித்தாள். நரகத்தைப் படித்தது அதற்கும் வெகு முன்பு, அம்மையின் மடியில். விலக்கப்பட்டவன் என்று யோவானின் பெயரைச் சபையில் வாசித்தபோது, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களில் அவளும் ஒருத்தி.

"இல்ல மக்கா" என்றாள்.

ஒரு மூச்சு பிந்தித்தான் சொன்னாள். அந்த ஒரு மூச்சை ராஜபாய் பார்த்துவிட்டாள். குனிந்து அடுத்த முத்தை எடுத்தாள்.

அங்கிருந்து நேராக உபதேசியார் செல்வதாஸின் வீட்டுக்குப் போனாள் தேவகனி. அவர் கெட்ட மனிதர் அல்ல. காப்பி கொடுக்கச் சொன்னார்.

"குழிமாட்டில வந்து ஒரு ஜெபம், அவ்வளவுதான். பிள்ளைக்க மனசு வெப்ராளப்பட்டுக் கெடக்கு."

"சட்டம் நானா எழுதினேன் டீச்சரே? இண்ணைக்கு ஒருத்தனுக்குப் போனா நாளைக்கு எல்லாவனும் கள்ளெறக்குவான். ஒங்களுக்குத் தெரியாததா? பள்ளிக்கூடமும் சபைக்குள்ளதுதான."

கடைசி வார்த்தையை அவர் மெதுவாகத்தான் சொன்னார். காப்பி ஆறிப்போனது.

ஐப்பசி மழை பிடித்தது. ராஜபாய் பள்ளிக்கூடத்துக்கு வருவாள், பேச மாட்டாள். ஒருநாள் மழை விட்ட நேரம், விளை வழியாகக் குடையோடு வந்த தேவகனி நின்றுவிட்டாள். யோவானின் குழிமேட்டில் சிவப்புத் தண்டும் விரிந்த இலையுமாக ஆமணக்கு முளைத்து நின்றது. ஓடிப்போய், வீட்டிலிருந்த பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"பாரு மக்கா! அடியில தீயிருந்தா இது முளைக்குமா? கருகிப் போயிருக்காதா?"

ராஜபாய் பார்த்தாள். முகம் இன்னும் சுருங்கியது. ஒரு நாற்றைப் பிடுங்கி, வேரில் ஒட்டியிருந்த முத்தின் தோலை மழைத்தண்ணீரில் கழுவினாள்.

"கீழ போவேல்ல டீச்சரே. ஒண்ணுகூடப் போவேல்ல. எல்லாம் இங்கயே நிண்ணுட்டு."

ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஆத்திரமில்லாமல், களை பறிக்கிறவள் மாதிரி, ஓரமாக அடுக்கி வைத்தாள். குழிமேடு மறுபடி வெறும் சேறானது. கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

"இன்னும் ஆழமா தோண்டணும். பள்ளிக்கூடத்து மம்மட்டியத் தருவியளா டீச்சரே?"

மழை மறுபடி தூறத் தொடங்கியது. தேவகனி குடையைப் பிள்ளையின் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.