கப்பலைக் காப்பாற்றக் குமுளி வரை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் தங்கை கணவர் அருளானந்தம் வேலை பார்க்கும் சரக்குக் கப்பலைக் கடற்கொள்ளையர்கள் பிடித்துவிட்டார்கள் என்று அன்று நான் நிஜமாகவே நம்பினேன். நேரில் போய்ப் பேசினால் விட்டுவிடுவார்கள் என்றும் நம்பினேன். சின்னமனூர் வாழைக்காய் மண்டியில் இருபது வருஷம் பேரம் பேசியவனுக்கு இந்தத் திமிர் வரும். கடலை நான் பார்த்தது மொத்தம் இரண்டு தடவை. இரண்டு தடவையும் முழங்கால் நனைந்ததும் கரையேறிவிட்டேன்.

மாப்பிள்ளை அந்தக் கப்பலில் சமையல்காரர். கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் ஆப் ஒன்றை என் போனில் போட்டுக் கொடுத்தவரும் அவரே. அதில் கப்பல் ஒரு பச்சை அம்பு. நான் மண்டியிலிருந்தும் தங்கை ஜெசிந்தா கூடலூர் வீட்டிலிருந்தும் அந்த அம்பை மேய்த்துக்கொண்டிருப்போம்.

காலை 11.20. கொழும்பிலிருந்து குஜராத்துக்குப் போக வேண்டிய அம்பு, கொச்சிக்கு நேரே கடலில் வந்த வழியே திரும்பி, ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் குமுளிக்கு ஆளேற்றிப் போகும் ஜீப் பாதி மலையில் திரும்பினால் ஒன்று விபத்து, இல்லை மேலே மறியல். வேறெதற்கும் எந்த டிரைவரும் டீசலை வீணாக்க மாட்டான். ஜீப்புக்கே அப்படியென்றால் கப்பலுக்கு? கடலில் மறியல் என்றால் கொள்ளைக்காரன்தான். மாப்பிள்ளைக்கு ஏழு செய்தி அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

11.45. கூடலூர் பஸ், டிக்கெட் 28 ரூபாய். உத்தமபாளையம், கம்பம் வழியாக இருபத்தேழு கிலோமீட்டர். வழிநெடுக வயலும் திராட்சைப் பந்தலும் உண்டு. நான் எதையும் பார்க்கவில்லை, அதனால் வர்ணனையை எதிர்பார்க்க வேண்டாம். கம்பத்தில் பஸ் நின்றபோது மட்டும் இறங்கி இரண்டு கிலோ பன்னீர் திராட்சை வாங்கினேன். கொள்ளைக்காரனே ஆனாலும் வெறுங்கையோடு போய் நிற்க முடியுமா?

12.50. கூடலூர். தங்கையிடம் பதமாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"ஆத்தா, சும்மா கொச்சிய ஒரு எட்டுப் பார்த்துட்டு வருவமா?"

"கப்பல் திரும்புனத நான் பத்து மணிக்கே பார்த்துட்டேண்ணே. ஒனக்குச் சொன்னா பிரஷர் ஏறிக் கெடப்பியேன்னு சொல்லல. அந்தத் திராட்சை யாருக்கு?"

"கொள்ளைக்காரனுக்கு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு போனைப் பார்த்தாள். "வேலை நேரத்துல கூப்பிடாதன்னு சொல்லியிருக்காக. ஆனா மதியச் சோத்துக்கு முந்தி ஒரு மெசேஜ் போடாம இருந்ததே இல்லண்ணே. இன்னைக்குப் போடல." அவளும் கிளம்பினாள்.

1.30. குமுளி ஜீப், தலைக்கு 50 ரூபாய். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது, டிரைவர் காசிராசனிடம் முழுக் கதையையும் கொட்டினேன்.

"சரிண்ணே, கொச்சியில போயி என்ன செய்வீக?"

"அங்கன போயிப் பாத்துக்கிரலாம்."

"கப்பலு நடுக்கடல்ல நிக்கிது. நீங்க கரையில நின்னு கையாட்டுவீகளாக்கும்?"

பின்சீட்டில் இருந்த தோட்டத்துப் பெண்கள் சிரித்தார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் என் கையை இறுக்கிப் பிடித்திருந்த ஜெசிந்தா இந்தத் தடவை சிரிக்கவில்லை.

2.20. குமுளி பஸ் நிலையம். கொச்சிக்குப் போக வேண்டிய எர்ணாகுளம் பஸ் அஞ்சு மணிக்குத்தான் என்றார் மலையாளி டிக்கெட் கவுண்டர்காரர். கப்பல் இருக்கிறது, அவசரம் என்றேன். நான் கப்பலேறப் போகிறேன் என்று நினைத்துக்கொண்ட அவர், "கப்பல் எத்ர மணிக்கா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

"அது சுத்திக்கிட்டே இருக்கு சேட்டா."

"எங்கில் சாவகாசம் போகாம்." அப்படியென்றால் நிதானமாகவே போகலாமாம்.

நாலு மணிக்கும் அம்பு சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கொள்ளைக்காரன் பங்குத் திராட்சையில் பாதியைப் பதற்றத்திலேயே நான் தின்று முடித்திருந்தேன். ஜெசிந்தா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். எந்த மணியில் விட்டோம் என்று தெரியாமல் மறுபடி மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

4.40. போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏய், சாப்பிட்டியா?" மாப்பிள்ளையேதான்.

"நீங்க உசுரோட இருக்கீகளா இல்லையா, அதச் சொல்லுங்க மொதல்ல!"

"எனக்கென்ன? கஞ்சி வச்சுக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு ஆறு எல கூட."

ஜெசிந்தா அழுதுகொண்டே அவரைத் திட்டினாள். திட்டிக்கொண்டே சிரித்தாள். எர்ணாகுளம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். நான் தள்ளிப் போய், ஒரு தூணைப் பார்த்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பிறகு வந்து மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டேன்.

நடந்தது இதுதான். கொச்சிக்கு அப்பால் ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்திருக்கிறது. ரேடியோவில் செய்தி கேட்டதும், மிக அருகில் இருந்த இவர்கள் கப்பல் தன் வழியை விட்டுத் திரும்பியிருக்கிறது. பன்னிரண்டு மணிக்குள் ஐந்து பேரை மேலே ஏற்றிவிட்டார்கள். ஆறாவது ஆள் அலையில் தனியாகப் போய்விட்டார். அவரைத் தேடித்தான் கப்பல் அத்தனை நேரம் சுற்றியது. கடலில் ஒரு தலை தேங்காய் அளவுக்குத்தான் தெரியுமாம். அதனால் சமையல்காரர் உட்படக் கைவேலை இல்லாத எல்லோரும் மேல்தளத்தில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு மணி பத்து நிமிடத்துக்கு, வலை மிதவை ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி அந்த ஆள் தென்பட்டார். உயிரோடு ஏற்றினார்கள்.