செவலையின் நாலுகால் பாய்ச்சல்

குதிரைச் சவாரித் தொழிலில், மேலே ஏறியவர் விழுவது அரிது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னே நடப்பவர்தான் அடிக்கடி விழுவார், அதுவும் ஊரார் மதிப்பிலிருந்து.

ஓய்வுபெற்ற பின் சும்மா இருக்க மாட்டாமல் ஏதோ ஒரு தொழிலில் இறங்கி, வீட்டாரிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கும் அன்பர்களே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான், கொல்லிமலையில் அருவிக்குப் போகும் வழியில் ஒரே ஒரு மட்டக்குதிரையை வைத்துச் சவாரி நடத்துகிறேன். அதன் பெயர் செவலை. முன்பு அது, இதே மலையின் திருப்புலி நாட்டுப் பகுதி விவசாயி மாரப்பனின் மிளகு மூட்டைகளைச் சுமந்துகொண்டிருந்தது. அவர் மிளகுக் காட்டுக்கு ரோடு வந்ததும் வேலை இழந்தது. நானும் அப்போது வேலையின்றி இருந்தேன். வாங்கிவிட்டேன்.

ஆடி பிறப்பதற்குள் அது தன் தீனியைத் தானே சம்பாதிக்க வேண்டும், இல்லையேல் விற்றுவிட வேண்டும் என்று என் மனைவி நிபந்தனை விதித்தாள். நான் பேசுவதை இடைமறிக்காமல் கேட்கும் உயிர் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான். ஆகவே, எப்பாடு பட்டாவது அதைத் தக்கவைத்துக்கொள்வதென்று முடிவு செய்தேன்.

பலகை

'நாலுகால் பாய்ச்சல்' என்ற தொடருக்கு, 'குதிரை நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழும்பத் தாவி ஓடுதல்' என்று பல்லாண்டுகள் பொருள் சொல்லியிருக்கிறேன். அதை வாக்கியத்தில் அமைத்துக் காட்டாத மாணவனை உட்கார விட்டதில்லை. ஆனால், குதிரை அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பாராத ஒன்றின்மீது எனக்கிருந்த பற்றினால், 'நாலுகால் பாய்ச்சலில் குதிரைச் சவாரி' என்று பலகையில் என் கைப்பட எழுதி, சாலையோரம் நட்டேன்.

செவலையைப் பார்க்க வந்த மாரப்பன் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். குதிரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மிகுந்த பணிவுடன் சொன்னார்: "நல்லா இருக்குதுங்க சார். அதுங்கிட்டயும் ஒருக்கா படிச்சுக் காட்டிப்போடுங்க."

படம் பிடித்தவர்

சேலத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர், தாம் குதிரையில் பாய்ந்து வருவதை நண்பரைக் கொண்டு செல்போனில் படம் பிடிக்க விரும்பினார். செவலை ஒரு காலை எடுத்து வைத்து, அது நிலைத்ததை உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்த காலை எடுத்தது. "ஹை, ஹை" என்றேன். கயிற்றை இழுத்துக்கொண்டு நானே ஓடினேன். பின்னால் மேடேறி வந்த எருமை எங்களை முந்திச் சென்றது. விறகுக் கட்டு சுமந்து வந்த பெண்மணியும் "கொஞ்சம் வழி உடுங்க சார்" என்று கேட்டு முந்திச் சென்றார்.

எனக்கு மூச்சு வாங்குவதைக் கண்ட இளைஞர் மனமிரங்கினார். "நீங்க உக்காருங்க சார். வீடியோவ நான் வேகமா ஓட உட்டுக்கறேன்."

மண்டி வாசல்

செவலைக்கு ஒரு பழக்கம் உண்டு. மிளகு மண்டியின் வாசலை அடைந்ததும் நின்றுவிடும். முதுகிலிருந்து சுமையை இறக்கினாலன்றி நகராது. முன்பு பார்த்த சுமை வேலையில் அது சரியான ஒழுக்கம். சவாரித் தொழிலிலோ, ஏறியவர் ஒவ்வொருவரும் மண்டி வாசலில் இறங்கி, குதிரை திருப்தியடைந்த பின் மறுபடி ஏற வேண்டியிருந்தது.

ஒருநாள், விடுமுறைக்கு வந்திருந்த அதிகாரி ஒருவர் இறங்க மறுத்துவிட்டார். பாய்ச்சலுக்கென்று ஏறியவர் பாதியில் இறங்குவது தம் தகுதிக்கு அழகன்று என்பது அவர் வாதம். குதிரையும் விட்டுக்கொடுக்கவில்லை. இருவருக்கும் நடுவில் நின்று நான் மாறிமாறிக் கெஞ்சிக்கொண்டிருக்கையில், மண்டிக்காரர் வெளியே எட்டிப் பார்த்தார்: "ஏனுங்க சார், இவரையும் தராசுல ஏத்தோணுங்களா?"

வாங்க வந்தவர்

அதற்குப் பின் சவாரிக்கு வருவோர் அருகிப் போயினர். ஆடி நெருங்கியது. என் மனைவி யாரிடமோ சொல்லி, அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஒருவரை வரவழைத்துவிட்டாள். கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை அனுப்புபவர், பெயர் குமரவேல். என்னிடம் படித்தவர் என்பது பார்த்த பின்பே தெரிந்தது. மாப்பிள்ளைகள் பயப்படுவதால் சாதுவான குதிரை வேண்டும் என்றார். அவருக்கென்றே படைத்தது போல் செவலை நின்றது.

கயிற்றை அவிழ்க்கப் போனவர் பலகையைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். "பாய்ச்சலுங்களா சார்? ஊர்வலத்துல பாஞ்சா என் பொழப்பு போயிருமுங்க."

பொய் சொல்ல என் நா எழவில்லை. "இது பாயாதப்பா. நடக்கும், அவ்வளவுதான்," என்றேன். அவர் சிரித்தார். "விக்கறவங்க அப்படித்தானுங்க சொல்லுவாங்க. ஆனா நீங்க ஒரு சொல்லக்கூடத் தப்பா எழுதமாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? ஒரு ஒற்றுக்காக என்னைய நாள் முழுக்க வெளிய நிக்க வெச்சவருங்க நீங்க!" நான் உண்மையை இரண்டாம் முறை சொல்லவில்லை. அவர் வணங்கிவிட்டு, வந்த பஸ்ஸிலேயே மலையிறங்கிப் போனார்.

அன்று மாலை செவலைக்குப் புல் போட்டுக்கொண்டே என் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, ஊருப் பசங்க தப்பெல்லாம் திருத்தின கைக்கு, இந்தப் பலகையத் திருத்தறதுக்கு மட்டும் பெயிண்டு கெடைக்கலீங்களா?"

திருத்தத்தான் போகிறேன், அந்தப் பணி செவலையின் வேகத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது.