முன்பல் இல்லாத துரை

துரைக்கு மேல்வரிசையில் முன்பற்கள் கிடையாது. அதை அவர் மறைக்கவும் மாட்டார். பயணிகள் தங்குகிற முசாபரி பங்களாவில் நான் முதல் தடவை போய் நின்றபோதே உதட்டைத் தூக்கிக் காட்டி, "இது என் முதல் நாவலுக்குக் கிடைத்த பரிசு" என்றார். இப்படியும் ஒரு கிறுக்கனா என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. இங்கிலீஷ் சரளமாக வரும். ஊர் ஊராகச் சுற்றிப் பத்திரிகைக்கு எழுதுகிற வெள்ளைக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், பேச்சை மாற்றிச் சொல்ல ஆள் வேண்டும் என்று தாலுகா கச்சேரியிலிருந்து சொல்லிவிட்டார்கள். வக்கீல் என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார். போன பிறகுதான் தெரிந்தது, அவர் இங்கிலீஷ்காரரே இல்லை. நார்வே என்ற தேசமாம். யாராவது அவரை இங்கிலீஷ் துரை என்று சொல்லிவிட்டால் மேஜையைக் குத்துவார். "எங்களையும் பக்கத்து நாட்டு ராஜாதான் ஆள்கிறான். உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும்" என்பார். எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் எங்கே ஏறப்போகிறது? தொப்பி போட்டவன் எல்லாம் துரைதான்.

காலையிலேயே பிராந்தியைத் திறந்துவிடுவார். உள்ளே போகப் போக நிதானம் கூடுமே தவிர, தள்ளாட்டம் கிடையாது. அப்படி உட்கார்ந்திருந்த நேரங்களில்தான் தன் கதையைச் சொன்னார். அப்பன் மீன்பிடிக்கிறவன், ஈரக்கயிற்றால் முதுகு கிழிய அடிக்கிறவன். அடி தாங்காமல் கப்பலில் ஏறி ஓடினார். கப்பலில் அதைவிட அடி. கரையேறி ஒரு அச்சாபீசில் எழுத்துக் கோர்த்தார், பிறகு அதே பத்திரிகைக்கு எழுதினார், பிறகு நாவல் எழுதினார். முதல் நாவல் அவருடைய சொந்த ஊரைப் பற்றியது. ஒரு புயலில் ஊருக்கு ஆகாத ஒருவனின் படகு கவிழ்ந்தபோது ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்ததாம். போலீஸ் வந்தபோது, நாங்கள் யாரும் கரைக்கே போகவில்லை என்று ஒரே வாயாகச் சொன்னார்களாம். இவரும் அன்று கரையில் நின்றவர். அப்படியே எழுதிவிட்டார். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது சொந்தக்காரர்களே மீன் கொட்டகைக்குள் இழுத்துப்போய், நங்கூரத்தின் மேல் வாயை வைத்து அழுத்தினார்கள். பல் போனது, பெயர் வந்தது.

"நான் பார்த்ததைத்தான் எழுதுவேன். அதில் ஒரு இம்மிகூட மாற்றமாட்டேன்" என்று அடிக்கடி சொல்வார். அந்த வயதில் எனக்கு அது பெரிய பேச்சாகத் தெரிந்தது.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. பிளவக்கல் பக்கத்து மலையிலிருந்து இறங்குகிற ஓடை கூமாப்பட்டிக்கும் மேற்கே நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பங்கு போடுகிற இரண்டு சிற்றூர்கள் அங்கே உண்டு. பெயர் வேண்டாம், மேலூர், கீழூர் என்றே வைத்துக்கொள்வோம். மேலூர்க்காரர்கள் ஓடையின் குறுக்கே தழையும் மண்ணும் போட்டுக் கொரம்பு கட்டிவிட்டார்கள். கீழூர்க்காரர்கள் அதை வெட்ட வரப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் துரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. வில்வண்டியைப் பூட்டச் சொன்னார். வழியெல்லாம் குப்பியைச் சாய்த்துக்கொண்டே வந்தார்.

நாங்கள் கரையில் ஒரு புளியமரத்தடியில் நின்றோம். செத்த நேரம் வாய்ச்சண்டை நடந்தது. பிறகு ஒரு கல் வந்தது. அதன் பிறகு எது எங்கே நடந்தது என்று சொல்ல முடியாது. கம்பு, மண்வெட்டி, கவண்கல். பொம்பளைகள் மடியில் கல்லைக் கட்டிக்கொண்டு வந்து எடுத்து எடுத்துக் கொடுத்தார்கள். ஒருவன் தன் காதைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினான். துரை கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழூர் வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடுகிற நீர்பாய்ச்சி, வயதான மனிதர், சண்டையைக் கவனிக்காமல் குனிந்து கொரம்பை வெட்டிக்கொண்டிருந்தார். மேலூர் நாட்டாமையின் மகன், மீசை அப்போதுதான் கறுக்க ஆரம்பித்த பயல், பின்னால் போய் மண்வெட்டியை ஓங்கி அவர் தலையில் போட்டான். தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. தண்ணீர் சிவந்து ஓடியது. வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் விலகி ஓடினார்கள். துரை ஒருவர்தான் உள்ளே ஓடினார். முதுகில் கம்படி விழ விழ அந்த மனிதரைத் தோளில் போட்டு வண்டிக்குக் கொண்டுவந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வரை என் வேட்டியால்தான் அந்தத் தலையைக் கட்டிப் பிடித்திருந்தேன்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஊர்ச்சண்டை நடந்தால் அடித்தவன் போலீசுக்குப் போகமாட்டான். ஊர் கூடி ஒருவனைத் தேர்ந்து 'ஆள் கொடுக்கும்'. கொடுக்கப்பட்டவன் குளித்து, ஊர்க்கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்து, நான்தான் அடித்தேன் என்று போய் நிற்பான். உள்ளே கிடந்துவிட்டு வருகிற வரைக்கும் அவன் வயலை ஊர் உழும். பெண்டாட்டி பிள்ளைகளுக்கு ஊர் கஞ்சி ஊற்றும். போலீசுக்கும் இது தெரியும். அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டும், கிடைத்தால் சரி.

மேலூர் கொடுத்த ஆள் ஒரு சம்சாரி, சொந்த வயலை உழுது பிழைக்கிறவன். முப்பது வயதிருக்கும். சண்டையன்று அவன் ஓடைப் பக்கமே வரவில்லை. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்க வன்னியம்பட்டிக்குப் போயிருந்தான். கழுத்தில் மாலையோடு ஸ்டேஷனுக்கு வந்தான், கல்யாண மாப்பிள்ளை கெட்டான் போங்கள். அடிதடி கேஸ், ஆறு மாசமோ என்னமோ, வந்துவிடலாம் என்று எல்லாரும் நினைத்தார்கள். நீர்பாய்ச்சிக்கு அப்போது மூச்சு இருந்தது. அவசரப்பட்டு ஆளைக் கொடுத்துவிட்டார்கள். சில நாளில் நீர்பாய்ச்சி செத்துப்போனார். அடிதடி கொலையாகிவிட்டது. சூடம் அணைத்துச் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க வழியில்லை.

அந்தச் சம்சாரியின் பெண்டாட்டி என்னைத் தேடி வக்கீல் வீட்டுக்கே வந்துவிட்டாள். இடுப்பில் ஒரு குழந்தை.

"ஐயா, அந்தத் தொரை பாத்தாராமே. யாரு வெட்டுனான்னு அவருக்குத் தெரியுமாமே. அவரைச் சொல்லச் சொல்லுங்க. எங்க வீட்டாளு கழுத்துல கயிறு விழுந்துரும்யா."

துரையிடம் சொன்னேன். "இதை அவள் வந்து கேட்க வேண்டுமா? நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்" என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மாஜிஸ்திரேட்டிடம் போய், வெட்டியது நாட்டாமையின் மகன் என்று வாக்குமூலம் கொடுத்தார். அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு நான் சப்ஜெயிலுக்குப் போனேன். சந்தோஷமான செய்தி சொல்லப்போகிறோம் என்ற நினைப்பு எனக்கு.

அவன் கேட்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "யாரைக் கேட்டு அந்தத் தொரை வாயைத் தொறந்தாரு? ஊரு என்னைய நம்பிக் குடுத்துருக்கு. நான் மாத்திச் சொன்னா நாளைக்கு நீயும் பிள்ளையளும் அந்த ஊருல தண்ணி மோக்க முடியுமா? ஏட்டி, வீட்டுக்குப் போ."

அவள் குழந்தையை என் கையில் கொடுத்தாள். கம்பிக்குள் கையை விட்டு அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, இந்தக் கன்னத்திலும் அந்தக் கன்னத்திலும் அறைந்தாள். "செத்துட்டா ஊரு வந்து ஒமக்குப் பதிலா என்கூடப் படுக்குமா? ஊரு வந்து அப்பான்னு கூப்பிட நிக்குமா?" என்று கேட்டுக்கேட்டு அறைந்தாள். வார்டர் வந்து பிரித்துவிடும் வரை அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவே இல்லை. அவனுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. கண்ணிலும் தண்ணீர் வந்தது. ஆனாலும் "போட்டீ" என்றுதான் சொன்னான்.

மேலூர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் நடுப்பகலில், ஊரே சாப்பிடுகிற நேரம், முசாபரி பங்களாவுக்குள் புகுந்தார்கள். கூடவே பல்லைக் காட்டிக்கொண்டு வெள்ளை வேட்டைநாய்கள். நாற்காலியை உடைத்து அதன் காலாலேயே துரையின் மண்டையைப் பிளந்தார்கள். என்னைத் தரையில் குப்புறப் போட்டு ஒருவன் முதுகில் ஏறி உட்கார்ந்தான். "ஏலே, வெள்ளைக்காரனுக்கு வாய் குடுக்கவனா நீ?" என்று கேட்டு என் இடதுகையை முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்தக் கை வலிக்கிறது. வலிக்கும்போதெல்லாம் அவனைத் திட்டுவதற்கு ஒரு கெட்ட வார்த்தை வைத்திருக்கிறேன். இங்கே எழுத முடியாது. துரை ரத்தத்தோடு எழுந்து நின்று, "இன்னும் பல் இருக்கிறது, வா!" என்று அவர்கள் பாஷை தெரியாமலே கத்தினார். அன்றைக்கு அந்த மனிதர் மேல் எனக்கு உண்டான மதிப்பு கொஞ்சநஞ்சமில்லை.

கேஸ் திருநெல்வேலி செஷன்சுக்குப் போனது. நாட்டாமை மகன் பெயர் குற்றப்பத்திரிகையில் இல்லை, சம்சாரி ஒருவன்தான். இவனுக்கு வக்கீல் வைத்ததும் நாட்டாமைதான். அந்த வக்கீல் யாரைக் காப்பாற்ற வருகிறார் என்று என் மாதிரி குமாஸ்தாவுக்குத் தெரியாதா? துரையைக் கோர்ட்டே சாட்சிக்கு அழைத்திருந்தது. நானும் பார்த்தவன்தான், துரையிடம் கூலி வாங்கியவன் சொல் எடுபடாது என்று என்னைக் கூப்பிடவில்லை. ஜட்ஜ் குடியென்றாலே முகம் சுளிக்கிறவர் என்று ஜில்லா முழுக்கப் பிரசித்தம். சத்திரத்தில் துரையிடம் தெளிவாகவே சொன்னேன்.

"அன்று குடித்திருந்தீர்களா என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்."

"குடித்திருந்தேனே."

"உங்களுக்குக் கண் நன்றாகத் தெரிந்தது, அது எனக்குத் தெரியும். அவர்களுக்கு அது வேண்டியதில்லை. ஒரே ஒரு இல்லை, துரை."

அவர் தலையில் போட்டிருந்த கட்டைத் தடவிக்கொண்டார். "அந்த ஒன்றைச் சொல்லிவிட்டால் நான் சொன்ன மற்றது எதுவும் உண்மையாக நிற்காது. இதற்காகத்தான் பல்லைக் கொடுத்தேன்."

"பல் உங்களுடையது. கழுத்து அவனுடையது" என்றேன். கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. அவர் விளக்கைத் தணித்துவிட்டுப் படுத்தார். அந்த இல்லையைச் சொல்லிவிடுவார் என்றுதான் நம்பினேன்.

கூண்டில் ஏறி, பார்த்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னார். கொரம்பு, குனிந்த முதுகு, மண்வெட்டி, மீசை. நாட்டாமை என்ற சொல் காதில் விழுந்ததும் கைதிக் கூண்டிலிருந்து சம்சாரி, "பொய்! நான்தான் வெட்டுனேன்!" என்று அலறினான், கான்ஸ்டபிள் அவன் வயிற்றில் குத்தி அடக்கினான். பெண்டாட்டி கதவருகே நின்றிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. துரையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாட்டாமை வைத்த வக்கீல் எழுந்தார். "அன்று காலையில் மது அருந்தியிருந்தீர்களா?"

துரை என்னைப் பார்த்தார். அவளையும் பார்த்தார். "ஆம். விடிந்ததிலிருந்து" என்றார். கண் தெளிவாகத் தெரிந்தது என்றும் சேர்த்துச் சொன்னார். அதை யார் கேட்டார்கள்? ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வக்கீல் வேறு கேள்வியே கேட்கவில்லை.

சம்சாரியைப் பாளையங்கோட்டையில் தூக்கிலிட்டார்கள். துரை அதற்கு முன்பே தூத்துக்குடியில் கப்பலேறிவிட்டார். என்னிடம் கை நீட்டினார். நான் என் கட்டுப்போட்ட கையைக் காட்டிவிட்டுச் சும்மா நின்றேன். நல்ல கை இன்னொன்று இருந்தது, அது அவருக்கும் தெரியும்.

மேலூர் தன் வாக்கைக் காப்பாற்றியது. அந்த மட்டில் யோக்கியர்கள். வயலை உழுதார்கள், கஞ்சி ஊற்றினார்கள். அறுப்பு முடிந்து நெல்மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நாட்டாமையின் மகன். அவள் உலக்கையால் அவன் முழங்காலை உடைத்துவிட்டு, பிள்ளைகளோடு ராஜபாளையம் போய்ச் சேர்ந்தாள். ஒரு பஞ்சுக் கிட்டங்கியில் வேலை கிடைத்தது.

நானும் குமாஸ்தா வேலையை விட்டுப் பத்திரிகைக்காரன் ஆனேன். துரையைப் பார்த்துப் பிடித்த பைத்தியம்தான், வேறென்ன. வருஷங்கள் கழித்து ஒரு பார்சல் வந்தது. அவருடைய புது நாவல், இங்கிலீஷில் பெயர்த்தது. அவர் நாட்டில் இதற்காக ஊர்வலம் வைத்துக் கொண்டாடினார்களாம். எங்கள் ஓடை இருந்தது, சண்டை இருந்தது, என் கை முறிந்தது கூட இருந்தது. கோர்ட் வந்தது. வக்கீல் கேட்கிறான், மது அருந்தியிருந்தீர்களா? புத்தகத்துத் துரை சொல்கிறார், இல்லை. சம்சாரி விடுதலையாகி, ஓடைக்கரை வழியே வீட்டுக்கு நடந்து போகிறான்.

புத்தகத்தைச் சுவரில் விட்டெறிந்தேன். பார்த்ததை ஒரு இம்மிகூட மாற்றாத மனிதர்! எழுதும்போது எவ்வளவு அழுதாரோ, அது எனக்குத் தெரியாது. பிறகு நானே போய் அதை எடுத்துத் தூசி தட்டினேன். அதற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் ராஜபாளையம் போனேன். கிட்டங்கி வாசலில் பஞ்சுப்பொதி சுமந்துகொண்டிருந்தாள். முடியெல்லாம் பஞ்சு. என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். துரை புத்தகம் போட்டிருக்கிறார் என்றேன்.

"எங்க வீட்டாளைப் பத்தி என்னத்தை எழுதியிருக்காரு?"

"குடிச்சிருந்தியான்னு வக்கீல் கேக்கான். துரை இல்லைங்காரு. உன் வீட்டுக்காரர் விடுதலையாகி வீட்டுக்கு வந்துருதார்."

அவள் முடியில் ஒட்டிய பஞ்சை உதறினாள். பிறகு கீழே கிடந்த பொதியைக் காட்டி, "ஒரு கை குடுங்க" என்றாள். தூக்கித் தலையில் ஏற்றிவிட்டேன். சரிசெய்துகொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"அந்த இல்லையை அன்னைக்குச் சொல்ல வாய் வலிச்சுதாக்கும்?"