மக்க வேண்டிய நார்

காபி ஆறிக்கொண்டிருக்கும். அதைத் தொடாமல், தேங்காய்ச் சிரட்டையோடு பன்றிக் கொட்டில் பக்கம் போய்விடுவார் சில்வெரியோ. ஈர மண்ணைச் சுரண்டி, புதைத்து வைத்த முகக்கவசத்தை எடுத்து, முகர்ந்து பார்த்து, மறுபடி மூடுவார்.

"இன்னிக்கு எப்படி இருக்கு மனோய்?" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பேன். ஊருக்கெல்லாம் அவர் மனோய், பெரியண்ணன்.

"நல்லாத்தான் இருக்கு" என்பார். உடனே நாக்கைக் கடித்துக்கொள்வார். "அதாவது, நல்லா இல்ல. இன்னும் மக்கல."

எங்கள் கட்டாண்டுவானஸ் தீவில் அபாகா நாரைத் தரம் பிரிப்பதில் அவர் சொன்னால் சொன்னதுதான். வாழைக்குப் பங்காளியான அந்த மரத்தின் நாரை விரலில் சுற்றி ஓர் இழுப்பு. அறாவிட்டால் முதல் தரம். கப்பல் கயிற்றுக்குப் போகிற நார், உப்புத் தண்ணீரில் வருஷக்கணக்கில் கிடந்தாலும் அசையாது என்று சொல்லும்போது நெஞ்சு நிமிரும். அவருக்குத் தெரிந்த பெரிய வசவு 'மக்கினது'. என் கணவரை அப்படித்தான் சொல்வார்.

அவர் மகள் மரிவிக்கோடு சேர்ந்து நாங்கள் பதினோரு பெண்கள் அந்த நாரில் முகக்கவசம் தைக்கிறோம். புயல் பாதித் தோட்டத்தைச் சாய்த்த பிறகு எங்களுக்கு இருப்பது இந்த வேலைதான். மணிலாவிலிருந்து வாங்க வந்தவர் ஒரே நிபந்தனை போட்டார்: மண்ணில் புதைத்தால் இரண்டு மாதத்தில் மக்கிவிட வேண்டும்.

புதைக்கும் பொறுப்பு மனோயிடம் போனது. மனிதர் என்ன செய்தார்? முதல் தர நாராகப் பொறுக்கித் தைக்கச் சொல்லி, அலை வந்து நனைக்கும் மணலில் புதைத்தார். நாரைச் சோதிக்க அவருக்குத் தெரிந்த இடம் அதுதான். பத்தாம் நாள் எடுத்துவந்து எங்கள் முன்னால் இழுத்துக் காட்டினார்.

"பாருங்கடி, ஒரு இழை விடல!"

மரிவிக் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா! இது மக்கணும்பா. மக்கலன்னா எங்க எல்லாருக்கும் வேல போச்சு."

"நல்ல நாரு எதுக்குடி மக்கணும்?"

"தூக்கிப் போட்டா குப்பையா நிக்கக் கூடாதுன்னுதான்."

"அப்ப எதுக்குத் தூக்கிப் போடறாங்க?"

மரிவிக் அன்றே அதைக் கொட்டில் சேற்றுக்கு மாற்றினாள். தினமும் தோண்டிப் பார்ப்பது அதிலிருந்து தொடங்கியதுதான்.

வாங்குகிறவர் நாளை வருகிறார். இன்று காலை மண்ணுக்குள்ளிருந்து கறுத்துப்போன ஏதோ ஒன்று வந்தது. மனோய் பழக்கதோஷத்தில் விரலில் சுற்றி இழுத்தார். ஓசையே இல்லாமல் அறுந்தது. மரிவிக் ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஜெயிச்சிட்டீங்க மனோய்!" என்று கத்தினேன்.

"ஆமா, ஆமா" என்றார். கண் மட்டும் கையிலேயே இருந்தது. அறுந்த இரண்டு நுனிகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். அது உதிர்ந்தது. கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, கொஞ்சம் நீளமான நுனியாகத் தேடியெடுத்து, மறுபடியும் முடிச்சுப் போட்டார்.