மூன்று புத்தகங்களில் ஒரே அக்குள்

ஷாமிளா சிங்களத்தில் சண்டை பிடிப்பதைக் கேட்டவர்கள் அவளைச் சிங்களப் பிள்ளை என்றே நினைப்பார்கள். இறங்க வேண்டிய ஹோல்ட்டைத் தாண்டி இறக்கிவிடப் பார்க்கும் பெல்மதுளை பஸ் கொண்டக்டரிடம் அவள் கேட்கும் கேள்விக்குக் கடைசி சீட் வரைக்கும் சிரிப்பார்கள். ஓப்பநாயக்கப் பக்கம் நானும் அவளும் ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே பள்ளிக்கூடம். நான் கலைப்பட்டம் முடித்த வருடம் அவள் மருத்துவபீடத்துக்குத் தெரிவானாள்.

அந்தச் சிங்களம்தான் முதல் வருடத்தில் அவளை விழுத்தியது.

விரிவுரை எல்லாம் ஆங்கிலத்தில். பின்னேரங்களில் சீனியர்கள் இளையவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். அதற்குக் குப்பி என்று பெயர். ஷாமிளா சிங்களக் குப்பியில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய பேச்சு பிடித்துப்போன ஒரு சீனியர், தான் சிங்களத்தில் எழுதி வைத்திருந்த உடற்கூற்றியல் நோட்ஸை அப்படியே கொடுத்துவிட்டாள். இது போதும் நங்கி, பெரிய புத்தகமெல்லாம் வேண்டாம் என்று தங்கச்சி முறை வைத்துச் சொன்னாளாம்.

ஷாமிளாவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. எங்கள் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பிக்க ஆசிரியர் இருந்தது ஒரு வருடம்தான். பஸ் பலகையை எழுத்துக்கூட்டுவோம், அவ்வளவுதான். அதைச் சீனியரிடம் சொல்ல வெட்கப்பட்டு, காதால் கேட்டதை வைத்தே பரீட்சைக்குப் போனாள். உடற்கூற்றியலில் தவறிவிட்டாள். எட்டு வாரத்தில் மீள்பரீட்சை. அதிலும் தவறினால் கூடப் படிப்பவர்களை விட்டு ஒரு வருடம் பின்தங்க வேண்டும்.

லீவுக்கு வந்தபோது எனக்கு மட்டும் சொன்னாள். அவளுடைய அம்மா இருளாயி கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வருகிற வழியெல்லாம் டொக்டர் புள்ள வந்திருக்கு என்று சொல்லிக்கொண்டு வந்தார். நோட்ஸை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளேன் என்றேன் நான். நான் பட்டம் எடுத்ததே அடுத்தவர்களின் நோட்ஸில்தான். வேறு வழி இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

"இன்னும் எத்தன வருசத்துக்குக்கா அடுத்தவங்க வாயப் பாத்துக்கிட்டு இருக்கிறது?" என்றாள்.

திரும்பிப் போன அன்றே நோட்ஸைச் சீனியரிடம் நீட்டி உண்மையைச் சொன்னாள். சீனியர் சிரிக்கவில்லை. முழுவதையும் வாசித்து போனில் பதிந்து தருகிறேன் என்றாளாம். ஷாமிளா நன்றி சொல்லி மறுத்துவிட்டாள். சிரித்தவள் பக்கத்தில் நின்ற அறைத்தோழி நப்லாதான்.

"கொண்டக்டர ஏசத் தெரியுது, ஒரு பக்கம் வாசிக்கத் தெரியாதா?"

"ஏசுறதுக்கு எழுத்து எதுக்குடி?"

நூலகத்தில் மூன்று ஆங்கிலப் புத்தகங்களைப் பிரித்தாள். எல்லோரும் வைத்திருக்கும் தடித்த கலர்ப் புத்தகம். பரீட்சைக்கென்றே சுருக்கிய மெல்லிய புத்தகம். யாரும் எடுக்காத, கறுப்பு வெள்ளைப் படம் போட்ட பழைய பதிப்பு. மூன்றிலும் அக்குள் பகுதியையே எடுத்தாள். நாளுக்கு ஒரு புத்தகம்: வாசிப்பாள், மூடுவாள், நப்லாவுக்குத் தமிழில் சொல்லிக்காட்டுவாள்.

மெல்லியதை வாசித்த நாளில் நரம்புகளின் பெயரை மளமளவென்று ஒப்பித்தாள். அக்குளில் ஊன்றுகோல் அழுத்தினால் மணிக்கட்டு ஏன் தொங்குகிறது என்று நப்லா கேட்டபோது திரும்பவும் பெயர்களையே ஒப்பித்தாள். தடித்ததில் பத்தாம் பக்கம் வருவதற்குள் முதல் பக்கம் மறந்துபோனது. பழையதற்கு நாற்பது தடவை அகராதி பார்த்தாள். ஆனால் கழுத்தில் தொடங்கும் நரம்பு அக்குளைக் கடந்து கைக்குப் போகும் வழியை நப்லாவின் தோளிலிருந்து விரலால் கோடு இழுத்துக் காட்ட முடிந்தது. கூசுது விடுடி என்று நப்லா கையை இழுத்துக்கொண்டாள்.

பழையதையே எடுத்தாள். இந்த வேகத்தில் போனால் எட்டு வாரத்தில் முடியாது என்று நப்லா எச்சரித்தாள். முடிந்த வரைக்கும் விளங்கி வாசிப்பது, முடியாததைத் தெரிந்த மாதிரிக் காட்டாமல் விடுவது என்று ஷாமிளா தீர்மானித்தாள். எனக்கு அது பயமாக இருந்தது. தெரியாது என்று நான் கடைசியாக எப்போது சொன்னேன்?

மீள்பரீட்சையின் வாய்மொழிப் பகுதியில் முதல் கேள்வி கை. நரம்பு நரம்பாகச் சொன்னாள். இரண்டாவது கழுத்து. அந்த அத்தியாயத்துக்கு அவள் வந்து சேரவில்லை.

"இன்னும் வாசிக்கல்ல சேர்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

பரீட்சகர் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த கேள்வியாகக் காலுக்குப் போனாராம்.

முடிவு வந்த அன்று எனக்குப் போன் எடுத்தாள்.

"மயிரிழையில பாஸ்க்கா. கழுத்து பாக்கி கெடக்கு, இன்னிக்கு அதத்தான் வாசிக்கப் போறேன்."