கடைசிக் குழியில் ஆரோக்கியம் அண்ணன் சொன்னது

பயிற்சி மைதானத்தில் நின்றிருந்தபோது ஸ்டெல்லா அண்ணியின் போன் வந்தது. "உங்க அண்ணன் போயிட்டாருப்பா" என்றார். முந்தாநாள்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து என் தொப்பையைக் கிண்டல் செய்த மனிதர்.

ஆஸ்டின் டவுன் ஆரோக்கியத்தை அறிந்த உங்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. கோல்ஃப் மைதானத்தில் கேடியாக, பிறர் பையைத் தூக்கி, பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று காதோரம் சொல்லிப் பிழைத்தவர், தொண்ணூறுகளில் தொழில்முறை ஆட்டக்காரரானார். எங்கள் கூட்டத்தில் முதலில் துணிந்தவர் அவர்தான். ஒக்கலிபுரத்திலிருந்து கேடி வேலைக்கு வந்த நான், அவர் போன வழியிலேயே போனேன். வெளியூர்ப் போட்டிகளில் ஒரே அறையில் தங்குவோம். அவருடைய குறட்டைக்குப் பயந்து நான் முந்திக்கொண்டு தூங்கிவிடுவேன்.

ஆட்டக்காரர்களான பிறகும் க்ளப்பின் முன்வாசல் எங்களுக்கு இல்லை. டீ கேடி ஷெட்டில்தான். போட்டியில் வென்றவருக்கு மட்டும் அன்று மாலை குடும்பத்தோடு உள்ளே விருந்து. "ஒரு தடவ ஸ்டெல்லாவ முன்வாசல் வழியா கூட்டிட்டுப் போகணும்டா. எத்தன வருஷமா ஷெட்டுக்கே டிபன் எடுத்துட்டு வர்றா" என்பார். வேறு ஆசை எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. கடைசிக் குழியை ஒட்டி அவர் பந்து கிடந்தது. என் பந்து விழாவிட்டால் கோப்பை அவருக்கு, விழுந்தால் சமம். கயிற்றுக்கு அப்பால் அண்ணி பட்டுப்புடவையில் நின்றிருந்தார். நான் பந்தின் மேல் குனிந்து தடுமாறிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அண்ணன் குரல் கேட்டது.

"ரெண்டு கப் லெஃப்ட். பயப்படாத, விடு."

குழிக்கு இடப்பக்கம் இரண்டு குழியகலம் தள்ளி அடி என்று அர்த்தம். போட்டியாளருக்கு யோசனை சொல்லக் கூடாது. சொன்னால் சொன்னவர் கணக்கில் தண்டனையாக இரண்டு அடிகள் கூடும்; குறைந்த அடிகளில் முடிப்பவருக்குத்தான் கோப்பை. பல வருஷம் கேடியாக இருந்தவர் வாயிலிருந்துதான் அப்படி ஒன்று தவறி வரும் என்று நினைத்தேன்.

"யாருக்கும் கேக்கலண்ணா, விடுங்க" என்று கெஞ்சினேன்.

"உனக்குக் கேட்டுச்சுல்ல?" என்றவர், நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்கி, தானே சொல்லிவிட்டார்.

அவர் சொன்ன பக்கமே அடித்தேன். பந்து விழுந்தது; கோப்பை எனக்கு வந்தது. முதலில் கை தட்டியவர் அவர். அன்று மாலை முன்வாசல் வழியாக விருந்துக்குப் போனது நான். அவர் அண்ணியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பிரேசர் டவுனுக்குப் பிரியாணி சாப்பிடப் போனார். "வாய்ப் பழக்கம்டா, என்ன பண்ண?" என்று மறுநாள் சிரித்தார். அதன்பின் அவர் எந்தப் போட்டியிலும் வெல்லவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பும்போது, அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தைச் சொல்லி அண்ணியிடம் அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பழக்கமாம் பழக்கம்! பிரியாணி சாப்பிடும்போதே என்கிட்ட சொல்லிட்டாரு. 'அவன் கை நடுங்குச்சு ஸ்டெல்லா. பாத்துட்டு எப்படிச் சும்மா நிக்கிறது?'ன்னாரு."

கோப்பை என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான்.